மகளுக்கு டி.ஏ.ஆர். 'குட் சிட்டிசன்' விருது: போகலாமா, தயங்கலாமா?

முசிறி மீனா:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் பிலடெல்பியாவுக்கு மேற்கே செஸ்டர் கவுண்டியில் இருக்கிறோம். மகள் பன்னிரண்டாம் வகுப்பு. போன வாரம் பள்ளி கவுன்சிலர் போன் செய்து, இந்த வருடம் பள்ளி சார்பில் டி.ஏ.ஆர். என்ற பெண்கள் சங்கத்தின் குட் சிட்டிசன் விருதுக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருப்பதாகச் சொன்னார். ஒரு பள்ளிக்கு ஒருவர்தானாம். நம்பகம், சேவை, தலைமைப் பண்பு, நாட்டுப்பற்று, இந்த நான்கையும் பார்ப்பார்களாம். மூன்று வருடமாகச் சனிக்கிழமை காலையில் தூக்கத்தை விட்டுவிட்டு, இல்லாதவர்களுக்கு உணவுப் பொருள் கொடுக்கும் ஃபுட் பேங்கில் டப்பா அடுக்கப் போகிறாள். அதை யாரோ கவனித்திருக்கிறார்கள் என்று கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனால் வீட்டில் ஒரு குழப்பம். டி.ஏ.ஆர். என்றால் 'அமெரிக்கப் புரட்சியின் மகள்கள்'. அமெரிக்க விடுதலைப் போரில் பங்கெடுத்தவர்களின் நேர் வாரிசுப் பெண்கள்தான் உறுப்பினராக முடியும். "நம் தாத்தா காவிரிக்கரையில் வாழை போட்டவர், அங்கே நமக்கு என்ன வேலை?" என்கிறார் கணவர். மகளின் தயக்கம் வேறு. பாடகி மரியன் ஆண்டர்சனைக் கறுப்பினத்தவர் என்பதற்காக இவர்கள் தங்கள் அரங்கில் பாட விடவில்லை என்று படித்திருக்கிறாள். "அவர்கள் கையால் வாங்க வேண்டுமா அம்மா?" என்று கேட்கிறாள். அடுத்த வாரம் கட்டுரை வேறு எழுத வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். அம்மா தீபாவளி முடிந்து ஊரிலிருந்து வந்திருக்கிறார். அவரையும் விருது நிகழ்ச்சிக்கு அழைத்துப் போகலாமா?

என்.சி.சி. ரவி:

பாப்பாவுக்கு வாழ்த்துகள். என் மகன் பள்ளியில் ஜே.ஆர்.ஓ.டி.சி.யில் இருந்தான், நம் ஊர் என்.சி.சி. மாதிரி. அவனுக்கு டி.ஏ.ஆரின் வெண்கலப் பதக்கம் கொடுத்தார்கள். வெள்ளை முடி பாட்டி ஒருவர் வந்து, கை நடுங்க நடுங்கச் சட்டையில் குத்திவிட்டு, அவன் பெயரைச் சரியாக உச்சரித்தார். முந்தின நாளே பள்ளிக்குப் போன் செய்து பெயரைக் கேட்டுப் பழகியிருக்கிறார். எனக்கு அது போதும். அம்மாவைக் கட்டாயம் கூட்டிப் போங்கள்.

நூலக அக்கா:

மீனா, நான் ஒரு பொது நூலகத்தில் வேலை பார்க்கிறேன். உள்ளூர் டி.ஏ.ஆர். கிளைப் பெண்களை எட்டு வருடமாகத் தெரியும் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் கட்டுரை. தயார் செய்து மனப்பாடம் பண்ண வேண்டாம். பள்ளியிலேயே மேற்பார்வையில், ஒரே அமர்வில், இரண்டு மணி நேரத்துக்குள் எழுத வேண்டும். புத்தகம், போன் எதுவும் கூடாது. அமெரிக்க மரபும் அதைக் காப்பதில் நம் பொறுப்பும் என்பதுதான் சுற்றி வரும் பொருள். பெரிய வார்த்தைகளைத் தேடாமல், அந்த டப்பா அடுக்கும் சனிக்கிழமையைப் பற்றியே எழுதச் சொல்லுங்கள். கட்டுரை உதவித்தொகைப் போட்டிக்காகத்தான். அதில் கலந்துகொள்ளாவிட்டாலும் சட்டையில் குத்தும் பின்னும் சான்றிதழும் உண்டு.

இனி, உங்கள் மகளின் கேள்வி. அவள் படித்தது உண்மை. 1939-இல் வாஷிங்டனில் உள்ள கான்ஸ்டிட்யூஷன் ஹாலை மரியன் ஆண்டர்சனுக்குத் தர மறுத்தார்கள். உறுப்பினராக இருந்த அதிபரின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட் விலகினார். ஏப்ரல் 9, ஈஸ்டர் ஞாயிறு அன்று லிங்கன் நினைவிடத்தின் படிகளில் நின்று மரியன் பாடினார், சுமார் 75,000 பேர் கேட்டார்கள். அவர் பிலடெல்பியாவில் பிறந்தவர், அதாவது உங்கள் பக்கத்து ஊர்ப் பெண். அவர் வாழ்ந்த வீடு இருக்கிறது, மகளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். 1943-இல் டி.ஏ.ஆரே அவரை அழைத்து அதே அரங்கில் பாட வைத்தது. 1977-இல்தான் கேரன் ஃபார்மர் என்ற முதல் கறுப்பின உறுப்பினர் சேர்ந்தார். அவருடைய முன்னோர் வில்லியம் ஹூட், பென்சில்வேனியாக்காரர். 1890-இல் தொடங்கிய சங்கத்துக்கு அதற்கு 87 வருடம் ஆகியிருக்கிறது. இதையெல்லாம் மறைத்துவிட்டு விருது வாங்க வேண்டியதில்லை. தெரிந்துகொண்டு போவதுதான் மரியாதை. மேடையில் கேட்க வேண்டாம், டீ குடிக்கும்போது அவளே கேட்கட்டும். எங்கள் கிளைப் பெண்களிடம் நானே கேட்டிருக்கிறேன், யாரும் முகம் சுளிக்கவில்லை.

உறுப்பினராக நமக்கு வழியில்லை. ஆனால் அவர்கள் செய்யும் வேலை தங்கள் குடும்பங்களோடு நின்றுவிடுவதில்லை, நான் கண்ணால் பார்க்கிறேன். செப்டம்பர் 17 முதல் 23 வரை அரசியல் சாசன வாரம். 1955-இல் இவர்கள் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் மனுக் கொடுத்து, 1956-இல் அதிபர் ஐசன்ஹோவர் கையெழுத்திட்டு வந்தது. வருடா வருடம் எங்கள் நூலகக் கண்ணாடி அலமாரியை இரண்டு பேர் வந்து அடுக்குவார்கள். 17-ஆம் தேதி மாலை 4 மணிக்கு வாசலில் மணி அடிப்போம், குழந்தைகள் சைக்கிள் மணியோடு வந்து நிற்கும். ஐந்தாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை வரலாற்றுக் கட்டுரைப் போட்டி வேறு.

இன்னொன்று, எனக்கு மிகவும் நெருக்கமானது. நான் குடியுரிமை உறுதிமொழி எடுத்த அன்று, நீதிமன்ற வாசலில் சின்னக் கொடி ஒன்றைக் கையில் கொடுத்து "வாருங்கள், இது உங்கள் நாடு" என்று முதலில் சொன்னது டி.ஏ.ஆர். பெண்தான். கணவரிடம் இதைச் சொல்லுங்கள். புதிதாக வருகிறவர்களுக்காகக் குடியுரிமைக் கையேட்டை 1920-களிலிருந்தே பல மொழிகளில் அச்சிட்டுக் கொடுத்தவர்கள் இவர்கள். அந்தக் கொடி இன்னும் என் சாமி அலமாரிக்குப் பக்கத்தில் இருக்கிறது.

கடலூர்க்காரன்:

மீனா அக்கா, "நமக்கு என்ன வேலை" என்று மாமா கேட்டதற்கு ஒரு பதில். அமெரிக்க விடுதலைப் போர் உலகப் போராக விரிந்தபோது அதன் கடைசிச் சண்டை நடந்தது எங்கள் கடலூரில். பிரான்சும் பிரிட்டனும் 1783 ஜனவரியிலேயே வெர்சாயில் பூர்வாங்க ஒப்பந்தம் போட்டுவிட்டன. செய்தி கப்பலில் வர வேண்டுமே? அதற்குள் ஜூன் 13-இல் ஆங்கிலேயப் படை கடலூரைத் தாக்கியது, ஜூன் 20-இல் கடலில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரேனும் ஆங்கிலேயத் தளபதி ஹியூஸும் மோதினார்கள். ஜூன் கடைசியில்தான் சமாதானச் செய்தி வந்தது. முடிந்துபோன சண்டைக்காக அத்தனை பேர் செத்தார்கள்.

இன்னொன்று உங்கள் ஊர்ப் பக்கமே. 1782 ஏப்ரலில் டெலவேர் விரிகுடாவில் ஜெனரல் மாங்க் என்ற பிரிட்டிஷ் கப்பலைப் பிடித்த பென்சில்வேனியாக் கப்பலின் பெயர் ஹைதர் அல்லி. நம் ஹைதர் அலிதான். பாப்பா கட்டுரையில் பயன்படுமானால் எடுத்துக்கொள்ளட்டும்.

முசிறி மீனா:

பிப்ரவரியில் எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னியுங்கள். போன சனிக்கிழமை நிகழ்ச்சி முடிந்தது. ஒரு சர்ச் ஹால், பக்கத்துப் பள்ளிகளிலிருந்தும் பிள்ளைகள் வந்திருந்தார்கள். கொடிக்கு உறுதிமொழி, தேசிய கீதம், அப்புறம் ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் ஆசிரியர் எழுதியதை வாசித்தார்கள். கட்டுரைப் போட்டியில் வேறொரு பள்ளிப் பையன் ஜெயித்தான், அருமையாக எழுதியிருந்தான். மகள் கடலூரை எழுதினாளாம், தம்பி!

டீ நேரத்தில் அவளே போய் மரியன் ஆண்டர்சனைப் பற்றிக் கேட்டாள். எழுபது வயதுக்கு மேலிருக்கும் கிளை உறுப்பினர் ஒருவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "நாங்கள் செய்தது தப்பு. எங்கள் கிளையில் புதிதாகச் சேர்கிறவர்களிடம் நான் இதைத்தான் முதலில் சொல்வேன்" என்றார். பத்து நிமிடம் பேசிக்கொண்டிருந்தார்கள். கணவர் பக்கத்தில் நின்று கேட்டார்.

கிளம்பும்போது, விடுதலைப் போர் வீரர்களின் கல்லறைகளைச் சுத்தம் செய்ய ஆள் வேண்டும் என்றார்கள். 1777-இல் பிராண்டிவைன் சண்டை நடந்த பக்கம் இது. சோப்பு, பிளீச், கம்பி பிரஷ் எதுவும் கூடாது, தண்ணீரும் மெல்லிய பிரஷும் மட்டும்தான், கல் தேய்ந்துவிடுமாம். கேட்டுக்கொண்டிருந்த என் அம்மா, "கோயில் கல்வெட்டையும் இப்படித்தானே பார்த்துக்கொள்ளணும்" என்று உடனே பெயர் கொடுக்கச் சொன்னார். மே மாதம் அவர் ஊருக்குக் கிளம்புகிறார். அதனால் ஏப்ரல் இரண்டாம் சனிக்கிழமைக்கு நான்கு பேர் பெயரும் கொடுத்திருக்கிறோம். அன்று காலை மட்டும் ஃபுட் பேங்கில் மகளுக்குப் பதில் ஒருவர் வேண்டும். பக்கத்தில் இருப்பவர்கள் யாராவது வர முடியுமா?