மிகச் சிறிய ஸ்மார்ட்போன்: யாரும் வாங்குவதில்லையா, யாரும் ஒழுங்காகச் செய்வதில்லையா?

கையடக்கன்:
ஐபோன் 13 மினியோடு ஆப்பிள் மினி வரிசையையே நிறுத்திவிட்டது. 2025இல் 4.7 அங்குல ஐபோன் எஸ்இ-யின் இடத்துக்கு வந்த 16இ கூட 6.1 அங்குலம். ஏசூஸ் ஜென்ஃபோன் 10 வரை 5.9 அங்குலத்தில் தாக்குப்பிடித்தது. 2024இல் வந்த அடுத்த மாடல் 6.78. பிடித்திருக்கும் கையின் கட்டைவிரலாலேயே மேல் மூலையைத் தொட வேண்டும் என்று கேட்பது அப்படியென்ன பேராசை? 'தேவை இல்லை' என்ற பதிலை நான் நம்பவில்லை. நீங்கள் நம்புகிறீர்களா?

கறார்_கணக்கு:
நம்புகிறேன். 2020இல் 12 மினி, 2021இல் 13 மினி, 2022இல் அதன் இடத்தில் 6.7 அங்குல பிளஸ். நன்றாக விற்ற பொருளை எந்த நிறுவனமும் இரண்டே வருடத்தில் தூக்கிப் போடாது. பெபிள் கடிகாரத்தைத் தொடங்கிய எரிக் மிஜிகோவ்ஸ்கி 2022இல் சின்ன ஆண்ட்ராய்ட் போனுக்காகத் தனித் தளமே திறந்து ஆதரவு திரட்டினார். கையெழுத்து குவிந்தது, போன் வரவில்லை. கேட்பவர்கள் சத்தமாகக் கேட்கிறார்கள், அவ்வளவுதான்.

கையடக்கன்:
சரி, அந்த பிளஸ் என்ன ஆனது? 2025இல் அதற்கும் கதவைச் சாத்திவிட்டு ஐபோன் ஏர் கொண்டுவந்தார்கள். உங்கள் கணக்குப்படி பெரிய திரைக்கும் தேவை இல்லை என்றல்லவா ஆகிறது? நான்கு மாடல் வரிசையில் புரோவும் இல்லாமல் அடிப்படை மாடலும் இல்லாமல் நடுவில் மாட்டிக்கொள்வது எதுவானாலும் திணறுகிறது. அந்தப் பழியை ஏன் அளவின் தலையில் மட்டும் போடுகிறீர்கள்?

பழைய_எக்ஸ்பீரியா:
'மினி' என்ற பெயரையே கெடுத்தவர்கள் ஆண்ட்ராய்ட் நிறுவனங்கள். 2013இன் கேலக்ஸி எஸ்4 மினியை எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்4-இல் 13 மெகாபிக்சல் கேமரா, மினியில் 8. சிப்பும் ஒரு படி கீழே. பெயர் மட்டும்தான் அண்ணனுடையது. மட்டமாகச் செய்துவிட்டு 'சின்னது விற்கவில்லை' என்று அறிக்கை வேறு! சோனி மட்டும் 2014இல் இசட்1 காம்பாக்டில் பெரியதில் இருந்த அதே ஸ்னாப்டிராகன் 800 சிப், அதே 20.7 மெகாபிக்சல் கேமராவை 4.3 அங்குலத்துக்குள் வைத்தது. இன்றும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றால் காரணம் அதுதான்.

கறார்_கணக்கு:
பேசுகிறார்கள். வாங்கியிருந்தால் 2018இன் எக்ஸ்இசட்2 காம்பாக்டோடு அந்த வரிசை நின்றிருக்காது.

தடித்தவிரல்:
திரையில் தொடும் இடம் ஒவ்வொன்றும் சுமார் 9 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்கிறது ஆண்ட்ராய்டின் வடிவமைப்பு வழிகாட்டி. ஜெல்லி 2 என்ற குட்டி ஆண்ட்ராய்ட் போனின் 3 அங்குலத் திரையின் அகலமே 37 மில்லிமீட்டர்தான். ஆங்கிலக் கீபோர்டில் ஒரு வரிசைக்கு 10 எழுத்து, அதாவது எழுத்துக்கு 4 மில்லிமீட்டர் கூடக் கிடையாது. 6.1 அங்குலத்தில் ஆறரை கிடைக்கிறது. வங்கி ஆப்பில் ஒரு எண் தவறி அடித்தால் யார் பொறுப்பு?

கையடக்கன்:
நான் 3 அங்குலம் கேட்கவே இல்லையே! அங்குலக் கணக்கே ஆளைக் குழப்புகிறது, அகலத்தைப் பாருங்கள். 4.7 அங்குல ஐபோன் 8-இன் அகலம் 67.3 மில்லிமீட்டர். 5.4 அங்குல 12 மினிக்கு 64.2. ஓர விளிம்புகளைக் குறைத்ததால் உடம்பு சுருங்கித் திரை வளர்ந்திருக்கிறது. எனக்கு அந்த 64 போதும்.

பேட்டரிதான்_பிரச்சினை:
இரண்டு பக்கமும் விற்பனையையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். உள்ளே இருக்கும் சிக்கலைக் கொஞ்சம் பார்க்கலாமா? நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திரை சின்னதானால் அது இழுக்கும் மின்சாரமும் குறையும், உண்மை. 3 அங்குலத் திரையின் பரப்பு 6.1 அங்குலத் திரையின் பரப்பில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு. ஆனால் சிப்பும் மோடமும் திரையின் அளவைப் பார்த்துப் பசியைக் குறைத்துக்கொள்வதில்லை. சிக்னல் பலவீனமான இடத்தில் டவரோடு பேச மோடம் செலவழிப்பது பெரிய போனில் எவ்வளவோ அவ்வளவேதான் சின்னதிலும். மதர்போர்டு, கேமரா, ஸ்பீக்கர், சார்ஜிங் துளை எல்லாம் தங்கள் இடத்தை எடுத்துக்கொண்ட பிறகு மிச்சம் இருப்பதுதான் பேட்டரிக்கு. உடம்பு கொஞ்சம் சுருங்கினாலும் அந்த மிச்சம் அதைவிட வேகமாகச் சுருங்குகிறது. 2018இன் பாம் போன் 3.3 அங்குலம், பேட்டரி வெறும் 800 எம்ஏஎச். ஜெல்லி 2-இல் 2000 வந்தது. அதற்குக் கொடுத்த விலை 16.5 மில்லிமீட்டர் தடிமன். 12 மினி 7.4தான்.

அடுத்தது ஆன்டெனா. இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 700 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 43 சென்டிமீட்டர், அதில் கால்பங்கு, அதாவது ஆன்டெனாவுக்கு ஏறத்தாழ வேண்டிய நீளம், 10 சென்டிமீட்டருக்கு மேல். போனின் உலோகச் சட்டமும் போர்டும் சேர்ந்துதான் அந்த அலைகளுக்கு ஆன்டெனாவாக வேலை செய்கின்றன. போனின் உயரம் ஜெல்லி 2 போல 9.5 சென்டிமீட்டர் ஆகும்போது, கட்டடத்துக்குள் நன்றாக நுழையும் இந்தக் கீழ் அலைவரிசைகளில்தான் முதலில் அடி விழும். ஜெல்லி வரிசையையே பாருங்கள். 3 அங்குல ஜெல்லி ஸ்டார் 4ஜியோடு நிற்கிறது. 2024இல் 5ஜி சேர்த்த ஜெல்லி மேக்ஸ் 5.05 அங்குலமாகவும் 4000 எம்ஏஎச் பேட்டரியோடும் வந்தது.

ஆக, 'மிகச் சிறிய' போன் வேறு, 'சிறிய' போன் வேறு. முதலாவது இயற்பியலோடு மல்லுக்கட்டுகிறது. இரண்டாவதற்கு அந்தச் சாக்கு செல்லாது. 12 மினியில் ஒரு சார்ஜில் வீடியோ ஓடும் நேரம் 15 மணி. அடுத்த வருடமே 13 மினி 17 மணிக்கு வந்துவிட்டது. பெரிய ஐபோன் 12-க்கும் அதே 17தான். மூன்றும் ஆப்பிள் சொன்ன எண்கள்.

நீலவானம்:
முழு அம்சங்களும் எதற்கு? பாம் போன் முதலில் அமெரிக்காவில் வெரைசன் வழியாக இரண்டாவது போனாகத்தான் வந்தது. அதே எண், வெளியே நடக்கப் போகும்போது அதை எடுத்துக்கொண்டு பெரியதை வீட்டில் வைத்துவிடலாம். யோசனை எனக்குப் பிடித்திருந்தது. இப்போது அந்த வேலையை சிம் உள்ள கடிகாரமே செய்கிறது.

தடித்தவிரல்:
போனைத் தவிர்க்க இன்னொரு போன்! இதைச் சந்தைப்படுத்தியவருக்கு ஒரு கும்பிடு.

கறார்_கணக்கு:
சின்னது வேண்டுமென்றால் மடக்கு போன் இருக்கிறதே. சாம்சங்கின் இசட் ஃபிளிப்பை மடித்துச் சட்டைப்பையில் போடுங்கள். பிரச்சினை தீர்ந்தது.

கையடக்கன்:
பையின் பிரச்சினை தீர்ந்தது, கையின் பிரச்சினை அப்படியே. ஃபிளிப்3-ஐ மடித்தால் உயரம் 86 மில்லிமீட்டர், அகலம் 72. திறந்தாலும் அதே 72. கட்டைவிரல் தடுமாறுவது அகலத்தில்தான் என்று மேலேயே சொன்னேன். 'ஒரு கை முறை' என்று திரையைக் கீழே இழுத்துவிடும் மென்பொருள் வித்தையும் அதே ரகம். பெரிய போனை விற்றுவிட்டு, பாதித் திரையைச் சும்மா வைத்துக்கொள் என்கிறார்கள்.

பழைய_எக்ஸ்பீரியா:
இதில் நகைச்சுவை என்னவென்றால், 2011இல் 5.3 அங்குல கேலக்ஸி நோட்டைக் காதில் வைத்தவர்களை ஊரே கிண்டல் செய்தது. இன்று 6.31 அங்குல விவோ எக்ஸ்200 புரோவுக்குப் பெயர் மினி.

கறார்_கணக்கு:
மக்களின் கையும் கண்ணும் அதற்குப் பழகிவிட்டன. வீடியோ, வரைபடம், படிப்பு எல்லாம் போனிலேயே நடக்கிறது. வேறு கணினி இல்லாதவருக்கு அதுதான் ஒரே திரை. அவரிடம் போய் 5.4 அங்குலம் போதும் என்று சொல்வீர்களா? தயாரிப்பாளர் பக்கமும் யோசியுங்கள். 5.4 அங்குலத் தரமான பேனல் கடையில் எடுக்கிற சரக்கு இல்லை. அதற்கென்று தனியாக, லட்சக்கணக்கில் ஆர்டர் கொடுத்தால்தான் திரை நிறுவனம் இறங்கிவரும். ஆப்பிளால் முடிந்தது. சிறு நிறுவனத்தால் எப்படி முடியும்?

பேட்டரிதான்_பிரச்சினை:
பேனல் விஷயம் சரி. ஆனால் பேட்டரிச் சாக்கு கரைந்துகொண்டிருக்கிறது. பேட்டரியின் நெகட்டிவ் முனையில் சிலிக்கான் கலந்த கார்பன் வந்த பிறகு அதே இடத்தில் கூடுதல் மின்சாரம் அடங்குகிறது. 2025இன் ஒன்பிளஸ் 13டி 6.32 அங்குலம்தான், உள்ளே 6260 எம்ஏஎச். 13 மினியில் இருந்தது சுமார் 2400. இந்த வேதியியலை 64 மில்லிமீட்டர் அகலத்துக்குள் வைத்தால் நாள் முழுக்கச் சார்ஜ் நிற்கும் சின்ன போன் தாராளமாகச் சாத்தியம்.

கறார்_கணக்கு:
சாத்தியம்தான். செய்ய மாட்டார்கள். மிச்சப்படும் இடத்தில் இன்னொரு கேமராவை வைப்பார்கள், இல்லையென்றால் பெரிய போனில் 7000 எம்ஏஎச் என்று விளம்பரம் செய்வார்கள்.

கையடக்கன்:
அப்படியானால் அது அவர்கள் முடிவு. அதை ஏன் என் 'தேவை இல்லை' கணக்கில் எழுதுகிறீர்கள்?