பொருள்: சர்ஜ் புரொடெக்டருக்குத் தமிழ்ச்சொல் – வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

திருவாரூரிலிருந்து, தொழிற்பயிற்சி ஆசிரியர்:

குழுவினருக்கு வணக்கம். ஐப்பசி அடைமழைக்கு முன்னால் எங்கள் எலக்ட்ரீஷியன் பிரிவு மாணவர்கள் சுற்றுவட்டார ஊர்களில் வீடு வீடாகக் கொடுக்க ஒரு துண்டறிக்கை தயாராகிறது. இடி மின்னலின்போதும், போன கரண்டு திரும்பி வரும்போதும் டிவி, ஃபிரிட்ஜ் எரிந்துபோகாமல் காப்பது எப்படி என்பதுதான் அதில் இருக்கும். வெள்ளிக்கிழமை அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும். ஃபியூஸ் உருகி, டிரான்ஸ்ஃபார்மர் மின்மாற்றி, இவையெல்லாம் பழகிய சொற்கள். திடீரென்று ஏறும் மின்னழுத்தத்திலிருந்து டிவி, ஃபிரிட்ஜைக் காக்கும் கருவியான சர்ஜ் புரொடெக்டரில் வந்து நின்றுவிட்டேன். இப்போதைக்கு ‘மின்னெழுச்சித் தடுப்பான்’ என்று போட்டிருக்கிறேன். சரியா?

கும்பகோணத்திலிருந்து, தமிழாசிரியை:

புணர்ச்சியில் குறையில்லை. தனிக்குறில் முன் ஒற்று உயிர்வரின் இரட்டும். ஆனால் எழுச்சி என்றால் எனக்குக் காதில் விழுவது திருப்பள்ளியெழுச்சியும் மக்கள் எழுச்சியும்தான். இரண்டிலும் ஒரு நிதானம் உண்டு. கண்ணிமைப்பதற்குள் வந்து போவதை எழுச்சி என்பதா? ‘பாய்ச்சல்’ சுருக்கமாக இருக்கும், ஆனால் நம் பக்கத்தில் பாய்ச்சுவது வயலுக்குத் தண்ணீர். மின்பாய்ச்சல் என்றால் மோட்டார் கொட்டகை நினைவுக்கு வரும். ‘அலை’ என்று வைத்துப் பாருங்கள். அப்புறம் ‘தடுப்பான்’ வேண்டாம். உருகி, மாற்றி, தாங்கி எனக் கருவிகளுக்கு இகர விகுதியே அழகு.

சீர்காழியிலிருந்து:

அம்மா, மின்+அலை என்ன ஆகும்? மின்னலை. ‘மின்னலைதாங்கி’ என்று அச்சடித்தால் மின்னல் என்ற சொல்லோடு இரண்டாம் வேற்றுமை உருபு சேர்ந்ததாகத்தான் எவரும் படிப்பார்கள்.

கும்பகோணத்திலிருந்து, தமிழாசிரியை:

அப்படிப் படித்தாலும் பொருள் கெடவில்லையே ஐயா. மின்னலையும் தாங்கும், மின் அலையையும் தாங்கும்.

மன்னார்குடியிலிருந்து, ஓய்வுபெற்ற மின்பொறியாளர்:

கெடும் அம்மா. மின்னலுக்கு மட்டும்தான் இது என்று ஆகிவிடும். மழையே இல்லாத சித்திரையிலும் இது நடக்கிறது. பக்கத்துப் பம்புசெட் நிற்கும்போதும், கரண்டு திரும்பி வரும்போதும் லைனில் ஒரு உதறல் ஏறும்.

எழுச்சியா அலையா என்பதைவிட ‘தடுப்பு’தான் எனக்குப் பெரிய தவறாகப் படுகிறது. இந்தச் சாதனம் எதையும் தடுப்பதில்லை. உள்ளே துத்தநாக ஆக்சைடால் செய்த ஒரு வில்லை இருக்கிறது. பெரும்பாலும் நீல நிறம், நாணயம் அளவு. ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே ஒன்று இருக்கும். நல்ல பெட்டியாக இருந்தால் எர்த்துக்கும் தனியாக இருக்கும். வீட்டுக்கு வரும் 230 வோல்ட்டில் அது ஏறக்குறைய எதையும் விடாது. அருகில் எங்காவது மின்னல் விழுந்து, சில மைக்ரோ நொடிகளுக்கு ஆயிரக்கணக்கான வோல்ட் ஏறினால் சட்டென்று வழிவிட்டு, வந்ததைப் பூமிக்கு இறக்கிவிடும். அலை ஓய்ந்ததும் பழையபடி மூடிக்கொள்ளும். காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் முக்கொம்பை நினைத்துக்கொள்ளுங்கள். பெருவெள்ளத்தில் காவிரிக்கரை ஊர்கள் பிழைப்பது தண்ணீரைத் தடுத்ததாலா? கொள்ளிடத்தில் திருப்பிவிட்டதால்.

அதனால் எர்த் இல்லாத வீட்டில் இதால் முழு வேலையும் செய்ய முடியாது. பழுது பார்க்கப் போன ஒரு வீட்டில் சுவிட்ச்போர்டைக் கழற்றினால், மூன்றாவது ஓட்டைக்கு வர வேண்டிய பச்சை வயரை மடித்து, இன்சுலேஷன் டேப் சுற்றி உள்ளேயே செருகி வைத்திருந்தார்கள். வெளியே, இந்தச் சாதனம் உள்ள புத்தம்புது பிளக் பெட்டி, ஸ்பைக் கார்டு என்பார்களே, அதில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சொல் எதுவாக இருந்தாலும், இந்தப் பச்சை வயர் துண்டறிக்கையில் கொட்டை எழுத்தில் வர வேண்டும்.

சீர்காழியிலிருந்து:

பொறியாளர் ஐயா வழியைக் காட்டிவிட்டார். கொள்+இடம், கொள்ளிடம். மிகுந்து வருவதை வாங்கிக்கொள்வது. ‘மின்கொள்ளி’ என்று வைப்போம்.

கும்பகோணத்திலிருந்து, தமிழாசிரியை:

வேண்டவே வேண்டாம். கொள்ளி என்றால் சுடுகாட்டுக்குப் போவது. அதை வாங்கி யார் டிவி பக்கத்தில் மாட்டுவார்கள்?

ஸ்ரீரங்கத்திலிருந்து:

கொள்ளிடத்துக்கு எங்கள் ஊரில் வேறொரு கதை உண்டு. திருமங்கையாழ்வார் கூலிக்காரர்களை ஆற்றில் மூழ்கடித்ததால் அது ‘கொல்லிடம்’ ஆயிற்றென்று பெரியவர்கள் சொல்வார்கள்.

சீர்காழியிலிருந்து:

அது பெயரைப் பார்த்துப் பின்னால் கட்டிய கதை. லகரம் ளகரமாக மாறியதற்கு இலக்கணம் காட்டுங்கள். வெள்ளம் கொள்ளும் இடம் என்று நேராகப் பொருள் இருக்கும்போது கொலையை ஏன் தேட வேண்டும்?

(இதற்குப் பிறகு கொள்ளிடத்தின் பெயர் பற்றியே இரண்டு நாள் மடல்கள் போயின. அவற்றைத் தனி இழையாகப் பிரித்துவிட்டோம். – மட்டுறுத்துநர்)

திருவையாற்றிலிருந்து, மின்பொருள் கடைக்காரர்:

எல்லோரும் பெரியவர்கள், குறுக்கே பேசுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். என் கடையில் யாரும் சர்ஜ் என்று கேட்டதில்லை. ஸ்பைக் கார்டைத்தான் “ஸ்பைக் பஸ்டர் குடுங்க” என்பார்கள். அவர்கள் கேட்பது நாலு பிளக் செருகுகிற பெட்டி. அதில் பல வெறும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்தான், அந்த வில்லையே இருக்காது. ஸ்டெபிலைசர் இருக்கே, போதாதா என்பார்கள் இன்னும் சிலர். அது லோ வோல்டேஜுக்கு. மைக்ரோ நொடியில் வருவதற்கு அது அசைவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். மக்களுக்கு ஏற்கெனவே தெரிந்த சொல் இடிதாங்கி. கோயில் கோபுரத்தில் பார்த்திருக்கிறார்கள். ‘தாங்கி’ என்று முடித்தால் உடனே பிடிபடும்.

கும்பகோணத்திலிருந்து, தமிழாசிரியை:

தாங்கிக்குத் தொல்காப்பியமே சான்று. புறத்திணையியலில் வஞ்சித் துறைகளைச் சொல்லும்போது, “வருவிசைப் புனலைக் கற்சிறை போல ஒருவன் தாங்கிய பெருமையானும்” என்கிறார். விசையோடு வரும் புனல், எதிரே தாங்கும் கல்லணை. இதைவிட என்ன வேண்டும்?

மன்னார்குடியிலிருந்து, ஓய்வுபெற்ற மின்பொறியாளர்:

அருமையான அடி. ஆனால் கற்சிறை தடுத்து நிறுத்துவது. நான் மறுத்ததும் அதைத்தான். கடைக்காரத் தம்பி சொல்வது எனக்கு அதைவிட வலுவாகப் படுகிறது. இடிதாங்கியும் இடியைத் தாங்குவதில்லை, பூமிக்கு இறக்குகிறது. ஆனாலும் அந்தச் சொல்லைக் கேட்டவர்களுக்குக் கம்பி மண்ணுக்குள் இறங்கும் என்பது தெரியும். அந்தப் பழக்கம் நமக்கு லாபம். ‘மின்தாங்கி’ என்று சுருக்கினால் மட்டும் போஸ்ட் கம்பம் ஆகிவிடும்.

சீர்காழியிலிருந்து:

பழக்கம்தான் அளவுகோல் என்றால் ஸ்பைக் பஸ்டர் என்றே எழுதிவிடலாமே, நாம் எதற்கு? வருவது மிகையான மின்னழுத்தம்; கருவி அதைப் போக்குகிறது. ‘மிகையழுத்தப் போக்கி’. ஏரிக்கு உபரிநீர் போக்கி இருக்கிறதல்லவா? செய்யும் வேலையைச் சரியாகச் சொல்லும் சொல் இது ஒன்றுதான்.

திருவையாற்றிலிருந்து, மின்பொருள் கடைக்காரர்:

ஐயா, அதைச் சொல்லி ஒருத்தர் கேட்டால் நான் பிரஷர் மாத்திரை என்று நினைத்து மெடிக்கல் பக்கம் அனுப்பிவிடுவேன்.

திருவாரூரிலிருந்து, தொழிற்பயிற்சி ஆசிரியர்:

அனைவருக்கும் நன்றி. அச்சகத்திலிருந்து காலையிலேயே போன் வந்துவிட்டது. எழுதியவர்களில் பெரும்பாலோர் ‘தாங்கி’ பக்கம். முன்பகுதிக்கு எழுச்சியைவிட நல்லது கிடைக்கவில்லை. தலைப்பில் ‘மின்னெழுச்சித் தாங்கி’ போகிறது. கீழே, கடையில் ஸ்பைக் கார்டு என்று கேளுங்கள், உள்ளே சர்ஜ் பாதுகாப்பு உண்டா என்று அட்டையில் பார்த்து வாங்குங்கள் என்றும் சேர்த்திருக்கிறேன். பச்சை வயர் கொட்டை எழுத்தில் இருக்கிறது. இடி கேட்டால் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையும் கேபிள் வயரையும் பிடுங்கிவிடுங்கள் என்பதும் உண்டு.

மன்னார்குடியிலிருந்து, ஓய்வுபெற்ற மின்பொறியாளர்:

இன்னும் ஒரு வரி இடம் இருந்தால் பாருங்கள். தாங்கி என்றதும் எல்லாவற்றையும் தாங்கும் என்று நம்பிவிடக் கூடாது. காற்றில் நியூட்ரல் அறுந்தால் வீட்டுக்குள் 400 வோல்ட் வரைக்கும் வந்து நிற்கும். அது மைக்ரோ நொடி விவகாரம் அல்ல, வில்லையே கருகிவிடும். பல்பு திடீரென்று பளீரென எரிந்தால் உடனே மெயினை அணைக்கச் சொல்லுங்கள்.

சீர்காழியிலிருந்து:

அந்த வரியைக் கட்டாயம் சேருங்கள். சொல்லில் நான் இன்னும் உடன்படவில்லை. பொறியாளர் ஐயா இப்போது எழுதியதே என் பக்கத்துக்குச் சான்று: போக்கி என்றிருந்தால் இந்த எச்சரிக்கையே வேண்டியிருக்காது. அடுத்த பதிப்பு வரும்போது மறுபடி எழுதுவேன்.