முசிறி நடித்த 'துக்காராம்' படப் பாட்டுப் புத்தகம் தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். மும்பை மாட்டுங்காவில் நாங்கள் சிலர் சேர்ந்து, பக்திக் கவி துக்காராம் மகராஜின் அபங்கங்களை (மராத்தி பக்திப் பாடல்களை) மராத்தி அண்டை வீட்டாரோடு கேட்டுப் பேசும் ஒரு மாலை நிகழ்ச்சிக்கு ஏற்பாடு செய்து வருகிறோம். 1936இல் பிரபாத் நிறுவனம் எடுத்த மராத்திப் படம், அதில் விஷ்ணுபந்த் பாக்னிஸ் துக்காராமாகவே வாழ்ந்த நடிப்போடு, இன்றும் எளிதாகக் கிடைக்கிறது. ஆனால் 1938இல் பி. என். ராவ் இயக்கத்தில், சங்கீத வித்வான் முசிறி சுப்பிரமணிய ஐயர் நடித்து வெளிவந்த தமிழ்ப் படத்தின் பிரதி எதுவும் எஞ்சியிருப்பதாகத் தெரியவில்லை.

ஆகவே, அக்காலத்தில் கொட்டகை வாசலில் விற்ற அதன் பாட்டுப் புத்தகமோ, இசைத்தட்டோ, பத்திரிகை விளம்பரமோ உங்கள் வீட்டுப் பெரியவர்களின் பெட்டியில் இருந்தால் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். நிரவலுக்கு (பாட்டின் ஒரு வரியையே பலவிதமாக விரித்துப் பாடுவதற்கு) பேர்போன ஒருவரை, தேஹு கிராமத்துக் கடைக்காரரான துக்காராமாக நிறுத்தியவர்கள், அவருக்கு அபங்க மெட்டைக் கொடுத்தார்களா, கர்நாடக ராகத்திலேயே பாடவிட்டார்களா என்பதே எனக்கு முக்கியமான கேள்வி. பாட்டுப் புத்தகங்களில் பெரும்பாலும் ராகமும் தாளமும் அச்சாகியிருக்கும். மூலத்தை அனுப்ப வேண்டாம், பழைய தாள் தபாலில் நொறுங்கிவிடும். பக்கங்களைக் கைப்பேசியில் படமெடுத்து இங்கேயே பதிவிட்டால் போதும்.