புதுப்பிப்பு: இரண்டாவது பிரசவம், மருந்து வைத்து வரவைத்த வலி

நாள் தாண்டியும் வலி வரவில்லை, மருந்து வைக்கலாம் என்கிறார்கள், ஒத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தேனே, பெண் குழந்தை பிறந்துவிட்டாள். இருவரும் நலம்.

41 வாரம் முடிந்ததும் ஏற்காட்டிலிருந்து இறங்கி சேலத்தில் அட்மிட் ஆனேன். இரண்டாவது பிரசவம் பெரும்பாலும் வேகமாக நடக்கும், அந்த 20 கொண்டை ஊசி வளைவிலும் வலியோடு இறங்குவீர்களா என்று டாக்டர் கேட்டதும்தான் மனசு மாறியது. கர்ப்பப்பை வாய் இளக ஜெல் வைத்தார்கள். ராத்திரி முழுக்க அடிவயிற்றில் லேசான இழுப்பு மட்டும். காலையில் பனிக்குடத்தை உடைத்து வலியைக் கூட்டும் ஆக்ஸிடோசின் மருந்தை டிரிப்பில் போட்டார்கள். அப்புறம் மூச்சு விட இடமில்லை, வலி சட்டென்று உச்சத்துக்குப் போனது. குழந்தையின் இதயத்துடிப்பைப் பார்க்க வயிற்றில் பெல்ட் கட்டியதால் நடக்கவும் விடவில்லை, அதுதான் எரிச்சல். ஆனால் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே முடிந்துவிட்டது.

முதல் பிரசவம் சிசேரியன் என்றால் என் கதையை வைத்து முடிவெடுக்காதீர்கள். கர்ப்பப்பையில் தழும்பு இருந்தால் மருந்து விஷயமே வேறு.