சின்ன ஊரில் ராத்திரி எங்கே போவது?

வேலை மாற்றலாகி ஒரு சின்ன ஊருக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. பகல் எப்படியோ ஓடிவிடுகிறது. ஒன்பது மணிக்கு மேல் கடைவீதியில் நாய்கள் மட்டும்தான். அடுத்த வாரக் கடைசியில் பழைய நண்பர்கள் நாலு பேர் வருகிறார்கள், எல்லாரும் முப்பதைத் தாண்டியவர்கள்.

இணையத்தில் தேடினால் பெருநகர கிளப்புகள்தான் வருகின்றன, இல்லையென்றால் எப்போதோ மூடிப்போன இடங்கள். இப்படிப்பட்ட ஊர்களில் இருப்பவர்கள் சொல்லுங்களேன்: உட்கார்ந்து பேச நல்ல பார், பாட்டுக் கச்சேரி நடக்கும் இடம், இதையெல்லாம் யாரிடம் விசாரிப்பீர்கள்? லாட்ஜ் வரவேற்பிலா, டாக்ஸி ஓட்டுநரிடமா?

திரும்பி வருவதுதான் பெரிய கவலை. கடைசிப் பேருந்தை விட்டால் வேறு வழியில்லை. "காபி குடித்தால் தெளிந்துவிடும், நானே ஓட்டுகிறேன்" என்கிறான் ஒருவன். காபி தூக்கத்தை விரட்டலாம். ரத்தத்தில் உள்ள ஆல்கஹாலைக் கல்லீரல் தன் வேகத்தில்தான் குறைக்கும். சொன்னால் சிரிக்கிறான். குடிக்காத தோழி ஒருத்தி உண்டு, ஆனால் அவளையே டிரைவராக்க மனம் வரவில்லை. அவளுக்கும் சலிக்காத இடமாக வேண்டும்.

அன்று அமாவாசையை ஒட்டி வருகிறது. ஒன்றும் அமையாவிட்டால் ஊருக்கு வெளியே போய்ப் பால்வீதி பார்க்கலாமா? தெருவிளக்கு குறைவாக இருப்பதில் கிடைக்கும் ஒரே லாபம் அதுதான்.