வளைவில் மட்டும் அடிப்பக்கம் நூல் தொங்குகிறது, டென்ஷனை எங்கே திருப்புவது?

கேள்வி (சேன்-ஆந்த்ரே, இந்தியப் பெருங்கடலில் உள்ள ரெயூனியன் தீவு)

எல்லோருக்கும் வணக்கம். துண்டுத் துணிகளை அறுகோணமாக வெட்டிச் சேர்க்கிற தாப்பி மாந்தியான் இந்தத் தீவில் பழைய வழக்கம். மாமியார் கையால் சேர்த்து வைத்திருந்த ஒன்றுக்குப் பஞ்சும் அடித்துணியும் வைத்துக் குயில்ட்டாக முடித்துத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். மெஷின் ஃபிரேமோடு வரும் லாங் ஆர்ம் (துணி ஃபிரேமில் நிற்க, மெஷினையே கையால் நகர்த்தித் தைப்பது), செகண்ட் ஹேண்டில் வாங்கியது. நேர்கோட்டில் தையல் அழகாக விழுகிறது, வளைவு வந்தால் போதும், மேல் நூல் அடியில் போய்க் கண்ணிமை முடி மாதிரி வரிசையாக நிற்கிறது. மேல் டென்ஷனை, அதாவது மேல் நூலின் இழுவிசையை, இறுக்கினால் நூல் அறுகிறது, தளர்த்தினால் பழைய கதைதான். மேலேயும், அடி நூல் சுற்றியிருக்கும் பாபினிலும் 40ஆம் நம்பர் பாலியஸ்டர் நூல். ஊசி புதுசு.

பதில் 1 (சேன்-பியேர்)

அக்கா, மேலே இருக்கிற குமிழைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். அடி நூல்தான் முதலில். பாபின் போட்ட கேஸை உள்ளங்கையில் படுக்க வைத்து நூலை மேலே இழுங்கள். கேஸ் எழுந்து நிற்க வேண்டும், ஆனால் கையை விட்டுக் கிளம்பக் கூடாது. கிளம்பினால் இறுக்கம் அதிகம், எழுந்திருக்கவே இல்லை என்றால் தளர்வு. கேஸின் பக்கத்தில் இருக்கிற சின்னத் திருகை அரைக்கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பி மறுபடி பாருங்கள். அதற்கு முன்னால், கேஸில் நூலை அழுத்திப் பிடிக்கிற தகட்டு ஸ்பிரிங்குக்கு அடியில் ஒரு விசிட்டிங் கார்டு மூலையை விட்டு இழுங்கள், அங்கே சிக்கிக்கொண்ட ஒரு துளி பஞ்சு போதும், டென்ஷன் மொத்தமும் பொய்யாகிவிடும். உங்கள் கிழக்குப் பக்கம் மழை ஓயாது, அதனால் துரு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பதில் 2 (சேன்-தெனி)

தம்பி சொன்னது சரிதான், ஆனால் நேர்கோட்டில் நன்றாக விழுகிறது என்று அவரே சொல்கிறாரே. டென்ஷன் மட்டும்தான் காரணம் என்றால் அங்கேயும் கொஞ்சமாவது காட்டியிருக்கும். வளைவில் நம் கை தன்னையறியாமல் வேகம் எடுக்கிறது, ஊசி துணிக்குள் இருக்கும்போதே மெஷின் நகர்வதால் ஊசி வளைந்து, மேல் நூல் கூடுதலாக அடியில் இறங்கிவிடுகிறது. கையால் சேர்த்த அறுகோணத்தில் மூன்று துண்டுகள் கூடும் முனை வேறு தடிப்பாக இருக்கும். ஊசி புதுசு என்கிறீர்கள், எத்தனையாம் நம்பர்? 90/14 என்றால் மாற்றுங்கள், இந்த நூலுக்கு 100/16 அல்லது 110/18 தாங்கும்.

இன்னொன்று, ஃபிரேமில் துணியை விறைப்பாகக் கட்டாதீர்கள். அடியிலிருந்து ஒரு விரலால் தள்ளினால், மேலே இருக்கிற கை அந்த விரல் நுனியைத் துணியோடு பிடிக்க முடிய வேண்டும். பழைய கைத்தையலை இழுத்துக் கட்டினால் அது எங்காவது விட்டுப்போகும், அப்புறம் மாமியாருக்கு யார் பதில் சொல்வது!

கேள்வி கேட்டவர்

ஊசி 90தான், வாங்கும்போது கூடவே வந்தது. ஸ்பிரிங் அடியில் பழுப்பாக ஒரு பொடி வந்தது, துருவா அழுக்கா தெரியவில்லை. 100 போட்டு, ஃபிரேமைத் தளர்த்தி, வளைவில் மெதுவாகப் போனேன். நூல் அறுவது நின்றுவிட்டது. இடமிருந்து வலம் போகும் வளைவு சுத்தமாக இருக்கிறது, திரும்பி வரும்போது மட்டும் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் புள்ளி தெரிகிறது.

பதில் 2 (சேன்-தெனி)

அது பல மெஷினிலும் உண்டு, எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி தைப்பதில்லை. இப்போதுதான் மேல் குமிழுக்கு வேலை, துளித்துளியாக இறுக்குங்கள். அதற்கு முன் நூலை ஒருமுறை முழுக்கக் கழற்றி மறுபடி கோத்து, டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே ஆழமாக உட்காரும்படி இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துவிடுங்கள். சோதிக்கும்போது மேலுக்கும் அடிக்கும் வேறு வேறு நிறம், நிஜமாகத் தைக்கும்போது ஒரே நிறம், மிச்சப் புள்ளி கண்ணில் படாது. ஏமாற்று வேலை என்பார்கள் சிலர், விடுங்கள்.

பதில் 1 (சேன்-பியேர்)

பாபினை மாற்றும் ஒவ்வொரு முறையும் உள்ளங்கைச் சோதனை உண்டு அக்கா. ஓரத்தில் மிச்சம் விட்ட பஞ்சிலும் துணியிலும் நாலு வட்டம் போட்டு, அடியில் குனிந்து பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.