300 கிமீக்கு ஒரு மணி நேரமா? குட்டி ஏர்போர்ட்ல ஏறி குட்டி ஏர்போர்ட்ல இறங்குனவங்க வாங்க

பேக்பேக்:
நான் போகவேண்டிய ரூட்ல ரெண்டு ஊருக்கும் நடுவுல நெட்ல தூரம் போட்டா 300 கிமீ, பறக்குற நேரம் 36 நிமிஷம்னு வருது. டிக்கெட்ல பார்த்தா 1 மணி 5 நிமிஷம். நடுவுல அரை மணி நேரம் எங்க போச்சு? போனவங்க சொல்லுங்கப்பா.

ஜன்னல்சீட்:
அந்த 36 சும்மா வகுத்தல் கணக்கு. ஏடிஆர் 72 (குட்டி ஏர்போர்ட்டுக்கு வர்ற ப்ரொப்பெல்லர் ப்ளைட்) மேல ஏறி சீரா பறக்குறப்ப மணிக்கு 500 கிமீ கிட்ட போகும், 300ஐ அதால வகுத்துட்டாங்க, அவ்ளோதான். டிக்கெட்ல போடுறது ப்ளாக் டைம், அதாவது இங்க ப்ளைட் நகர ஆரம்பிச்சதுல இருந்து அங்க போய் நிக்கிற வரைக்கும். நான் போன ரூட்ல இறங்குற ஏர்போர்ட்ல தனி டாக்சிவேயே (ரன்வேல இருந்து ஒதுங்கி ப்ளைட் நிக்கிற இடத்துக்கு உருண்டு போற பாதை) கிடையாது, ரன்வேல இறங்கி கடைசி முனை வரைக்கும் உருண்டு போய் அங்க யூ டர்ன் அடிச்சு அதே ரன்வேலயே திரும்பி வந்தோம், அது முடியுற வரைக்கும் இன்னொரு ப்ளைட் மேலயே வட்டம் அடிச்சிட்டு இருந்துச்சு. பாவம், அவங்களுக்கும் அன்னிக்கு 36 நிமிஷம்னு தான் நெட்ல காட்டியிருக்கும்.

ஏரோ பைத்தியம்:
காத்தை மறந்துட்டீங்களே. எதிர்காத்து 50 நாட் (knot, காத்து, ப்ளைட் வேகத்தை சொல்ற அளவு) வேகத்துல அடிச்சா நம்ம வேகத்துல மணிக்கு 93 கிமீ போச்சு, அதே 300 கிமீக்கு 44 நிமிஷம் ஆகும். பின்காத்தா இருந்தா 30 நிமிஷம் தான். ஒரே ரூட்ல போறப்ப ஒரு நேரம் வர்றப்ப ஒரு நேரம் ஆகுறது இதனால தான், பைலட் மெதுவா ஓட்டுறார்னு பக்கத்து சீட்ல ஒருத்தர் புலம்பிட்டே வந்தார், எனக்கு சிரிப்பு தாங்கல. ஜெட்டா இருந்தாலும் இவ்ளோ சின்ன தூரத்துல பெரிய லாபம் இல்ல, மேல ஏறி வேகம் பிடிக்குறதுக்குள்ள இறங்க ஆரம்பிக்கணும், 10,000 அடிக்கு கீழ பொதுவா 250 நாட் வேகத்துக்கு மேல (மணிக்கு 463 கிமீ) போகவும் விடமாட்டாங்க.

இன்னொண்ணு, ஏடிஆர்ல ஏறும்போது வலது பக்க இன்ஜின் சத்தம் கேட்கும், ஆனா ப்ரொப்பெல்லர் அசையாம நிக்கும். ரிப்பேர்னு பயந்துறாதீங்க, பிரேக் போட்டு நிறுத்தி வச்சு கரண்டுக்கும் ஏசிக்கும் இன்ஜினை மட்டும் ஓட்டுறாங்க. ஹோட்டல் மோட்னு பேரு.

ஊர்சுத்தி:
சின்ன தூர ப்ளைட்ல உச்சம்னா ஸ்காட்லாந்து ஆர்க்னி தீவுகள்ல வெஸ்ட்ரே டு பாப்பா வெஸ்ட்ரே தான். தூரம் 2.7 கிமீ, டைம்டேபிள்லயே 2 நிமிஷம்னு இருக்கு, காத்து சாதகமா இருந்து 53 செகண்ட்ல போனதும் உண்டு. 1967ல இருந்து லோகன்ஏர்ங்கற விமான கம்பெனி ஓட்டுறாங்க. நான் போனதில்ல, ஆனா வேற இடத்துல அந்த மாதிரி குட்டி ப்ளைட்ல போயிருக்கேன், பெட்டியோட சேர்த்து நம்மளையும் எடை போட்டு எந்த சீட்ல உட்காரணும்னு அவங்களே சொல்லுவாங்க. குண்டா இருக்கறவங்க கூச்சப்படாதீங்க, எல்லாரையும் தான் நிக்க வைப்பாங்க.

மழைக்காலம்:
எல்லாம் சரி, அந்த ரூட்ல நேரடி ப்ளைட் இருக்கான்னு முதல்ல பார்த்தீங்களா? நெட்ல தூரம் போடுறவன் ரெண்டு புள்ளிக்கு நடுவுல ஒரு கோடு கிழிப்பான், ப்ளைட் இருக்கா இல்லையான்னு அவனுக்கு கவலை இல்ல. எனக்கு வந்த ரூட்ல எதிர் திசைல ஒரு பெரிய ஏர்போர்ட்டுக்கு போய் அங்க மணிக்கணக்கா காத்திருந்து திரும்ப வரணும். நான் பஸ்ல போயிட்டேன்.

பேக்பேக்:
நேரடி ப்ளைட் இருக்கு, ஆனா வாரத்துல 3 நாள் தான்.